மூலப்படி எது?

இலக்கிய வாசகர்களுக்கான பக்கத்தில் தரவுத்தளத்தைப் பற்றி எழுத என்ன தேவை வந்தது என்று சிலர் கேட்கக்கூடும். தேவை இருக்கிறது. ஏதேனும் ஒரு பட்டியலைத் தொகுத்துக்கொண்டிராத இலக்கிய வட்டம் தமிழில் இன்று அரிது. ஒருவர் சிற்றிதழ்களுக்கு அடைவு தயாரிக்கிறார். இன்னொருவர் சிறுகதைகளை ஆண்டுவாரியாகத் தொகுக்கிறார். மற்றொருவர் தமக்குப் பிடித்த எழுத்தாளரின் படைப்புகள் அனைத்துக்கும் விவரப்பட்டியல் எழுதிவருகிறார். இவை எக்ஸெல் கோப்புகளாகவும் கைப்பேசிக் குறிப்புகளாகவும் பழைய நோட்டுப் புத்தகங்களாகவும் சிதறிக் கிடக்கின்றன. ஒரே பட்டியலுக்கு நான்கு படிகள்; நான்கிலும் நான்கு விதமான திருத்தங்கள். ஒரு கட்டத்தில், கணினித்துறையில் பணிபுரியும் நண்பர் ஒருவர் சொல்வார்: “எல்லாவற்றையும் ஒரு தரவுத்தளத்தில் போட்டுவிடுவோம். இணையதளம், தேடல், கைப்பேசிச் செயலி எல்லாம் அதிலிருந்து தாமாகவே எடுத்துக்கொள்ளட்டும்.”

நல்ல யோசனைதான். ஆனால், “அது தொழில்நுட்பம், தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்று இலக்கியம் அறிந்தவர்கள் ஒதுங்கிக்கொள்வதை நாங்கள் ஏற்கவில்லை. ஒரு தரவுத்தளத்தை மற்றெல்லாப் படிகளுக்கும் மூலமாக நிறுத்துவது என்றால், எந்தப் படி சொல்வது செல்லும், எது செல்லாது என்று தீர்ப்பது என்று பொருள். அது பதிப்பாசிரியரின் வேலை. அதைச் செய்ய வேண்டியவர்கள் செய்யாவிட்டால் மென்பொருள் தனக்குத் தெரிந்த விதத்தில் செய்துவிடும். அதற்குத் தெரிந்த விதம் எவ்வளவு முரடானது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

*

முதலில், உறவுசார் தரவுத்தளம் என்பது என்ன? 1970இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் காட் வெளியிட்ட ஒரு கட்டுரையில் தொடங்குகிறது அதன் வரலாறு. கணினிக்குள் தகவல் எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கிறது என்பது அதைப் பயன்படுத்துகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தகவலை அட்டவணைகளாகவும், அட்டவணைகளுக்கு இடையிலான உறவுகளாகவும் கருதினாலே போதும் என்றார் அவர். 1981இல் கணினித்துறையின் உயரிய விருதான டூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது. அவருடைய கோட்பாட்டிலிருந்து நமக்கு வேண்டியது ஒரே ஒரு விதி: ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டும் இருக்க வேண்டும்.

எளிய விதி போலத் தோன்றும். நம் பட்டியல்களில் அது எப்படிப் பொருந்துகிறது என்று பார்ப்போம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்தது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு பல பதிப்பகங்கள் அதை வெளியிட்டிருக்கின்றன. எக்ஸெல் பட்டியலில் இது எத்தனை வரி? பதிப்புக்கு ஒரு வரி என்று வைத்தால் ஆசிரியர் பெயரும் நாவலின் தலைப்பும் வரிக்கு வரி திரும்ப எழுதப்படும். ஓரிடத்தில் ‘கல்கி’, ஓரிடத்தில் ‘ரா. கிருஷ்ணமூர்த்தி’, இன்னோரிடத்தில் ‘கல்கி கிருஷ்ணமூர்த்தி’. நாவலுக்கு ஒரு வரிதான் என்று வைத்தால், எந்தப் பதிப்பின் ஆண்டை எழுதுவது? முதல் பதிப்பின் ஆண்டா, தொடர் முடிந்த ஆண்டா, கையில் இருக்கும் பிரதியின் ஆண்டா?

இந்தக் குழப்பத்துக்கு நூலகத் துறை ஏற்கெனவே விடை சொல்லியிருக்கிறது. 1998இல் பன்னாட்டு நூலகக் கூட்டமைப்பு வெளியிட்ட அறிக்கை, படைப்பு வேறு, அதன் வடிவம் வேறு, அச்சான பதிப்பு வேறு, அலமாரியில் இருக்கும் பிரதி வேறு என்று நான்காகப் பிரித்தது. சிறிய குழுவுக்கு நான்கும் தேவையில்லை. ஆனால் படைப்புக்கு ஓர் அட்டவணையும் பதிப்புக்கு ஓர் அட்டவணையும் கட்டாயம் வேண்டும். ஒரு படைப்புக்குப் பல பதிப்புகள் என்ற உறவு அப்போதுதான் நிலைபெறும்.

ஆசிரியர் பெயருக்கும் இதே நியாயம்தான். சுந்தர ராமசாமி கவிதைகளைப் பசுவய்யா என்ற பெயரில் எழுதினார். க.நா.சு. கவிதைகளுக்கு மயன். நகுலனின் இயற்பெயர் டி.கே. துரைசாமி. பசுவய்யா என்று இருக்கும் இடத்தையெல்லாம் சுந்தர ராமசாமி என்று ‘திருத்தி’விடுகிற பட்டியல்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அது திருத்தம் ஆகாது. எந்தப் பெயரில் எழுதுவது என்று எழுத்தாளர் எடுத்த முடிவை அது அழித்துவிடுகிறது. இரண்டையும் தனித்தனி ஆளாக விட்டுவைப்பதும் தவறுதான். ஆளுக்கு ஓர் அட்டவணை, பெயர்களுக்கு ஓர் அட்டவணை, எந்தப் படைப்பு எந்தப் பெயரில் வந்தது என்பதற்கு ஓர் இணைப்பு என்று வைத்தால் இரண்டு உண்மைகளும் இடிபடாமல் இருக்கும். மென்பொருள் அறிவு மட்டும் உள்ளவருக்கு இந்த அட்டவணை தேவை என்பதே தெரியாது. தெரிந்தவர் அருகில் இருந்து சொல்ல வேண்டும்.

*

அடுத்தது அடையாளம். ஒரு வரியை இன்னொரு வரியிலிருந்து பிரித்துக் காட்டும் புலத்துக்கு முதன்மைத் திறவுகோல் என்று பெயர். துறையினர் பிரைமரி கீ என்பார்கள். தரவுத்தளம் மூலமாக நின்று பிற இடங்களுக்குத் தகவல் அனுப்பத் தொடங்கியதும் மற்ற எதைக் காட்டிலும் இதுவே முக்கியமாகிவிடுகிறது. இன்று அனுப்பிய வரியைத்தான் நாளை திருத்தி அனுப்புகிறோம் என்பதை எதிர்முனை எதைக் கொண்டு அறியும்? இந்தத் திறவுகோலைக் கொண்டுதான்.

எதைத் திறவுகோலாக வைப்பது? தலைப்பு ஆகாது, ஒரே தலைப்பில் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆசிரியரும் தலைப்பும் சேர்ந்தாலும் ஆகாது. அச்சுப்பிழை என்று நாளை தலைப்பைத் திருத்தினால் திறவுகோலே மாறிவிடும். எதிர்முனை அதைப் புதிய நூலாக எண்ணிச் சேர்த்துக்கொள்ளும். பழையதும் அங்கேயே இருக்கும். ஐஎஸ்பிஎன் எண்ணைப் பலர் நாடுகிறார்கள். அந்த எண்முறை பன்னாட்டுத் தரமானது 1970இல். 2007இல் பத்து இலக்கங்கள் பதின்மூன்றாக நீண்டன. 1970க்கு முந்தைய தமிழ் நூல்கள் எதற்கும் அந்த எண் கிடையாது. பின்னால் வந்தவற்றிலும் சிறுபதிப்பக வெளியீடுகள் பல எண்ணின்றியே வந்திருக்கின்றன. ஐஎஸ்பிஎன் இருந்தால்தான் நூல் என்று தரவுத்தளத்தில் விதி வைத்தால் நவீனத் தமிழ் இலக்கியத்தின் பெரும்பகுதி வாசலிலேயே நின்றுவிடும்.

ஆகவே பொருளற்ற ஓர் எண்ணே நல்ல திறவுகோல். 1, 2, 3 என்று தானாகக் கூடிக்கொண்டே போகிற எண். அதில் ஆண்டைப் பொதிக்கக் கூடாது, எழுத்தாளர் பெயரின் முதலெழுத்தைப் பொதிக்கக் கூடாது. ஒருமுறை கொடுத்த எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கவே கூடாது, அந்த வரி நீக்கப்பட்டாலும்கூட. ஐஎஸ்பிஎன் இருந்தால் அது பாட்டுக்குப் பதிப்பு அட்டவணையில் ஒரு புலமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

*

இனி ஒத்திசைவுக்கு வருவோம். மூலத் தரவுத்தளத்தில் ஏற்படும் மாற்றங்களை மற்றப் படிகளுக்குக் கொண்டுசேர்க்க மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையும் அனுப்பி, பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வைப்பது. படிப்பவர்களுக்கு இது பாமரத்தனமாகத் தோன்றலாம். ஆனால் சில ஆயிரம் வரிகள் கொண்ட பட்டியலுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை என்பதே எங்கள் எண்ணம். சேர்த்தது, திருத்தியது, நீக்கியது எல்லாம் ஒருசேரப் போய்ச் சேரும். இரவில் ஒருமுறை ஓடினால் போதும். வேண்டாத சிக்கலை அறிவாற்றலின் அடையாளமாகக் கருதும் பழக்கம் நம் கவிதைகளில் மட்டுமல்ல, நம் மென்பொருளாளர்களிடமும் உண்டு.

இரண்டாவது வழி, ஒவ்வொரு வரியிலும் ‘கடைசியாகத் திருத்திய நேரம்’ என்று ஒரு புலம் வைத்து, சென்ற முறைக்குப் பின் மாறியவற்றை மட்டும் கேட்டு வாங்குவது. மிகுதியாகப் புழங்குவது இதுவே. இதில் இரண்டு ஓட்டைகள் உள்ளன.

ஒன்று, நீக்கம். ஒரு வரியை அழித்துவிட்டால் அதோடு அதன் நேரமும் அழிந்துவிடுகிறது. “என்ன மாறியது?” என்று கேட்கும் எதிர்முனைக்கு இல்லாத வரி எப்படிப் பதில் சொல்லும்? தவறுதலாக ஒருவர் பெயரில் ஏற்றிய கதையை மூலத்தில் நீக்கிவிடுகிறோம். இணையதளத்திலும் கைப்பேசியிலும் அது அவர் பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் நிற்கும். நூலகங்கள் ஒன்றின் பட்டியலை மற்றொன்று திரட்டிக்கொள்வதற்காக 2001இல் உருவான ஓஏஐ-பிஎம்எச் என்னும் நெறிமுறை இதை நேர்மையாக எதிர்கொண்டது. பட்டியலைத் தரும் களஞ்சியம், நீக்கிய பதிவுகளின் குறிப்பை வைத்திருப்பதே இல்லையா, சில காலம் வைத்திருக்குமா, என்றென்றும் வைத்திருக்குமா என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்றது. நம் சிறு பட்டியல்களுக்கும் இதுவே நல்ல நெறி. அழிக்காதீர்கள், ‘நீக்கப்பட்டது’ என்று குறித்து, நீக்கிய நாளையும் காரணத்தையும் எழுதிவையுங்கள். காரணம் எழுதும் புலம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஆனால் ஐந்தாண்டு கழித்து அதே கதையை அதே ஆள் பெயரில் மீண்டும் ஒருவர் சேர்க்க வரும்போது அந்த ஒரு வரிக் காரணம்தான் நம்மைக் காப்பாற்றும்.

மற்ற ஓட்டை நுட்பமானது. ஒருவர் 10 மணிக்கு நூறு கதைகளை ஏற்றத் தொடங்குகிறார். ஏற்றம் முடிந்து தரவுத்தளம் அதை உறுதிசெய்வது 10.05க்கு. போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்களில் வழக்கமான முறையில் நேரம் குறித்தால் அந்த நூறு வரிகளிலும் விழுவது தொடங்கிய நேரமான 10 மணி. இடையில் 10.03க்கு ஒத்திசைவு ஓடுகிறது. உறுதியாகாத வரிகள் அதன் கண்ணுக்குத் தெரியா. அடுத்த முறை அது கேட்பது 10.03க்குப் பின் மாறியவற்றை. அந்த நூறு கதைகளும் இரண்டுக்கும் நடுவில் விழுந்து காணாமற்போகின்றன. எந்தப் பிழைச் செய்தியும் வராது. மாற்று எளிது: ஒவ்வொரு முறையும் சற்றுப் பின்னோக்கிப் போய், ஏற்கெனவே வாங்கிய சில நிமிடங்களையும் சேர்த்து வாங்க வேண்டும். திறவுகோல் சரியாக இருந்தால் ஒரே வரி இருமுறை வருவதால் கேடில்லை.

மூன்றாவது வழி, தரவுத்தளத்தின் மாற்றப் பதிவேட்டையே படிப்பது. மின்சாரம் நின்றாலும் தகவல் கெடாதிருக்க, ஒவ்வொரு மாற்றத்தையும் அட்டவணைக் கோப்பில் எழுதுமுன் தனியே ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்வது போஸ்ட்கிரெஸின் வழக்கம். அந்தப் பதிவேட்டைப் பிறர் படித்துப் புரிந்துகொள்ளும் வசதி அதில் 2014இல் வந்தது. 2017இல் வந்த பத்தாம் பதிப்பு, எந்தெந்த அட்டவணைகளை வெளியிடுவது என்று அறிவித்து அனுப்பும் ஏற்பாட்டை உள்ளேயே தந்தது. மைஎஸ்க்யூஎல்லில் பின்லாக் என்ற பதிவேடு உண்டு. சேர்ப்பு, திருத்தம், நீக்கம் மூன்றும் நடந்த வரிசையிலேயே கிடைப்பதால் மேலே சொன்ன இரண்டு ஓட்டைகளும் இங்கு இல்லை.

ஆனால் இதற்கும் விலை உண்டு. முதலில் ஒரு முழுப் படி எடுத்து, எந்தப் புள்ளியில் எடுத்தோம் என்று குறித்துக்கொண்டு, அங்கிருந்து மாற்றங்களைத் தொடர வேண்டும். புள்ளி தவறினால் இடைவெளி விழும். எதிர்முனை எதுவரை படித்தது என்பதைப் போஸ்ட்கிரெஸ் ஓர் அடையாளமிட்டு நினைவில் வைத்துக்கொள்கிறது. படிக்காத பக்கங்களை அது அழிப்பதில்லை. எதிர்முனையில் இருந்த நண்பர் ஆர்வம் இழந்து கணினியை நிறுத்திவிட்டால், படிக்க ஆளில்லாத பதிவேடு வளர்ந்து வளர்ந்து வட்டை நிரப்பி, மூலத் தரவுத்தளத்தையே நிறுத்திவிடும். இதற்கு வரம்பு வைக்கும் வசதி 2020இல் வந்த பதின்மூன்றாம் பதிப்பிலிருந்து உண்டு. ஆனால் அதை நாமே கேட்டு வாங்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லின் குணம் நேர்மாறானது. எட்டாம் பதிப்பில், நாம் மாற்றாதவரை, முப்பது நாள் கடந்த பதிவேடுகளை அது அழித்துவிடும். நீண்ட விடுமுறைக்குப் பின் திரும்பும் எதிர்முனைக்கு விட்ட இடம் கிடைக்காது. முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஒன்று, இல்லாதவருக்காகக் காத்திருந்து தன்னை மாய்த்துக்கொள்கிறது. மற்றொன்று, தவணை முடிந்ததும் கதவைச் சாத்திவிடுகிறது. உங்கள் குழுவின் குணம் எது என்று பார்த்துத் தெரிவுசெய்யுங்கள்.

எந்த வழியானாலும் இரண்டு ஒழுக்கங்கள் பொது. படிக்க வருபவருக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொண்ட தனிக் கணக்கு கொடுக்க வேண்டும். எல்லாம் செய்யவல்ல மேலாளர் கணக்கைக் கொடுப்பது வீட்டுச் சாவியைத் தபால்காரரிடம் கொடுப்பதற்கு ஒப்பு. அடுத்து, பழைய இதழ்களைத் தந்துதவியவர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் நூல் அட்டவணைகளோடு கலந்திருக்கக் கூடாது. தனி அட்டவணையில் இருக்க வேண்டும். வெளியிடும் பட்டியலில் அந்த அட்டவணை இடம்பெறக் கூடாது.

*

தமிழுக்கே உரிய தொல்லைகளும் உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கையேடுகள் இவற்றைச் சொல்வதில்லை.

ஒருங்குறியில் ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஒருங்குறித் தரமும் இரண்டும் சமம் என்றே சொல்கிறது. ஆனால் பெரும்பாலான தரவுத்தளங்கள் எழுத்தை எழுத்தாகப் பார்ப்பதில்லை, எண்களாகப் பார்க்கின்றன. ‘கொங்குதேர் வாழ்க்கை’ என்று ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் தட்டச்சு செய்தால் அவை இரண்டு தலைப்புகள். உள்ளே வரும் எதையும் ஒரே வடிவுக்கு மாற்றி இயல்பாக்கிய பிறகே மூலத்தில் சேர்க்க வேண்டும். அப்படி இயல்பாக்கினாலும் தீராத பிழை ஒன்றுண்டு. ‘பௌத்தம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் ளகரமும் சேர்த்துப் ‘பெளத்தம்’ என்று எழுதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அச்சில் வேறுபாடு தெரியாது, தேடினால் கிடைக்காது. இதைப் பொறி முழுவதும் தானாகத் திருத்தவும் முடியாது, ஏனென்றால் ‘வெளவால்’ பிழை, ‘வெளவு’ பிழை, ஆனால் அதே எழுத்துகள் பிழையின்றி அடுத்தடுத்து வரும் சொற்களும் இருக்கக்கூடும். தமிழ் தெரிந்த ஒருவர் பார்த்தாக வேண்டும். திஸ்கி, டாப், டாம் என்று பழைய குறியேற்றங்களில் இருந்து மாற்றிய கோப்புகளில் இத்தகைய எச்சங்கள் கூடுதலாக இருக்கும்.

அகரவரிசை அடுத்த சிக்கல். ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. நம் அகராதியில் அது கடைசி. எண்வரிசைப்படி அடுக்கும் தரவுத்தளத்தில் ‘மனம்’ முன்னும் ‘மயில்’ பின்னும் வரும். வாசகருக்குக் காட்டும்போது தமிழ் அகரவரிசையை அறிந்த அடுக்குமுறையைப் பயன்படுத்த வேண்டும் என்பது ஒருபுறம். ஒத்திசைவில் இது வேறு வகையில் கடிக்கும். நூறு நூறு வரிகளாக அனுப்பும்போது தலைப்பு வரிசையில் அனுப்பி, மூலத்தின் வரிசையும் எதிர்முனையின் வரிசையும் வேறாக இருந்தால், ஒப்பிட்டுப் பார்க்கும் நிரல் இருக்கும் வரிகளை இல்லை என்றும் இல்லாதவற்றை இருக்கின்றன என்றும் சொல்லும். அனுப்புவது எப்போதும் எண் திறவுகோலின் வரிசையில்தான் இருக்க வேண்டும்.

*

இப்போது மையமான கேள்விக்கு வருகிறோம். மூலம் ஒரு திசையில் மட்டும் கொடுக்க வேண்டுமா, அல்லது எல்லாப் படிகளிலும் எல்லாரும் திருத்தி, எல்லாம் ஒன்றோடொன்று கலக்க வேண்டுமா?

இரண்டாவது முறையே மக்களாட்சிக்கு நெருக்கமானது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஆனால் இரண்டு இடங்களில் ஒரே வரி வெவ்வேறாகத் திருத்தப்பட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பல மென்பொருள்கள் தரும் விடை, கடைசியாக எழுதியதே வெல்லும் என்பது. யார் சரி என்பதற்கு அங்கு இடமில்லை; யார் பிந்தி வந்தார் என்பதே கணக்கு. முதல் பதிப்பைக் கையில் வைத்து ஆண்டைத் திருத்தியவரின் உழைப்பை, விளம்பரத் தாளைப் பார்த்து எழுதியவர் அரைமணி நேரம் கழித்து அழித்துவிடலாம்.

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது இந்தக் கேள்வியைத்தான் எதிர்கொண்டார். ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபட்டது. கடைசியாகக் கிடைத்த ஏடு வெல்லும் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. ஏடுகளை ஒப்பிட்டார், ஒன்றைத் தேர்ந்தார், தேராதவற்றைத் தூக்கி எறியாமல் பிரதிபேதம் என்று அடியில் கொடுத்தார். எந்த ஏடு யாரிடமிருந்து கிடைத்தது என்பதையும் முகவுரைகளில் பதிந்துவைத்தார். ஒத்திசைவுக்கு இதைவிடச் சிறந்த இலக்கணத்தை நாங்கள் கண்டதில்லை. மூலம் ஒன்று, அதில் எழுதும் வாசல் ஒன்று, ஆனால் மறுக்கப்பட்ட பாடமும் யார் சொன்னது, எந்தச் சான்றின்மேல் சொன்னது என்பதோடு மூலத்துக்குள்ளேயே வாழ்கிறது.

இதைத் தரவுத்தளத்தில் செய்வது கடினமே அல்ல. ‘கூற்று’ என்று ஓர் அட்டவணை போதும். எந்த வரி, எந்தப் புலம், என்ன மதிப்பு, யார் சொன்னார், எதைப் பார்த்துச் சொன்னார், எந்நாள், ஏற்கப்பட்டதா என்பவை அதன் புலங்கள். வெளியே போகும் பட்டியலில் ஏற்கப்பட்ட மதிப்பு மட்டும் போகும். கேட்பவருக்கு மற்றவற்றையும் காட்டலாம். வெளியே உள்ள படிகளில் யாரேனும் பிழை கண்டால் அது நேரே மூலத்தில் எழுதப்படாது. கூற்றாக வந்து வரிசையில் நிற்கும். பதிப்பாசிரியர் பார்த்து முடிவு சொல்வார். மெதுவான முறைதான். பட்டியலுக்கு வேகம் எதற்கு?

*

எங்கள் கருத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஒரே மூலம் என்பது ஒரே அதிகாரமாகிவிடாதா? யார் எழுத்தாளர், எது நூல் என்று ஒரு தரவுத்தளத்தின் பின்னால் இருக்கும் நால்வர் தீர்மானித்தால், அவர்கள் விட்டவர்கள் எல்லாப் படிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் மறைந்துவிட மாட்டார்களா? சிதறிக் கிடந்த காலத்தில் ஒருவர் விட்டதை இன்னொருவர் வைத்திருந்தார்.

இந்த அச்சத்தை நாங்கள் புறந்தள்ளவில்லை. 1865இல் ஜான் மர்டாக் தமிழ் அச்சு நூல்களுக்குப் பகுப்புப் பட்டியல் வெளியிட்ட நாளிலிருந்து, பட்டியல் செய்பவரின் பார்வை பட்டியலில் படியாமல் இருந்ததில்லை. ஆனால் விடை, மூலத்தைக் கலைத்துவிடுவதில் இல்லை. ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு மூலம் வேண்டும் என்றுதான் சொல்கிறோம். உலகத்துக்கே ஒரு பட்டியல்தான் வேண்டும் என்று சொல்லவில்லை. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் ஒரே நூலைக் கொல்கத்தாவின் தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் அனுப்பச் சொன்னது. நான்கு இடம், நான்கு பட்டியல். அது குறையன்று, ஒன்றில் தவறியது இன்னொன்றில் இருக்கும். ஒவ்வொன்றும் தன் எண்ணை நிலையாக வைத்து, “என் எண் 412 என்பது உங்கள் எண் 97” என்று ஓர் இணைப்பு அட்டவணையையும் வைத்தால் பட்டியல்கள் தம் தனித்தன்மை கெடாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

இங்கே இன்னொரு மயக்கத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். “நான்கு இடத்துக்கு ஒத்திசைவு ஓடுகிறது, இனி பட்டியலுக்கு அழிவில்லை” என்று நினைப்பது தவறு. ஒத்திசைவு நன்மையை மட்டும் சுமந்து செல்வதில்லை. மூலத்தில் ஒருவர் கைதவறி அழித்ததை அது அதே விசுவாசத்தோடு நான்கு இடத்திலும் அழித்துவிட்டு வரும். காப்புப்படி வேறு. அது நாள் குறித்து, நகராமல், வேறோர் ஊரில் இருக்க வேண்டும்; அதிலிருந்து மீட்டெடுக்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்துப் பார்க்கவும் வேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாதவை அன்றோடு போயின. ஓரிடத்தில் மட்டும் இருப்பது எவ்வளவு எளிதில் இல்லாமற்போகும் என்பதைத் தமிழர்களுக்கு யாரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

*

சுருங்கச் சொன்னால், நிறுவுகின்ற வேலை இரண்டு நாள்தான்; அதை நாங்கள் மறுக்கவில்லை. அதற்கு முன் இலக்கியம் அறிந்தவர்கள் உட்கார்ந்து பேசி எழுதிவைக்க வேண்டிய விடைகள் சில உண்டு. எதைப் படைப்பு என்கிறோம், எதைப் பதிப்பு என்கிறோம்? புனைபெயரை எப்படி வைக்கிறோம்? நீக்கினால் எங்கே குறிக்கிறோம்? முரண்பட்டால் யார் முடிவு சொல்வது, எந்தச் சான்றின்மேல்? தோற்ற பாடம் எங்கே இருக்கும்? வாரம் ஒருமுறை மூலத்தின் வரிகளையும் படிகளின் வரிகளையும் எண்ணி ஒப்பிடுவது யார் பொறுப்பு? இவை தாளில் வந்த பிறகு தரவுத்தளம் எதுவாக இருந்தாலும் பட்டியல் நிற்கும். மென்பொருள் மாறும், நிறுவனங்கள் மாறும். எண்ணும் சான்றும் மாறாதிருந்தால் போதும்.

அந்த விடைகள் இல்லாமல் தொடங்கும் பட்டியலில் நேரக்குறிப்பே பதிப்பாசிரியராகிவிடும். ஒரு கவிஞரின் ஒரே தொகுப்பு, எண்பது பக்கம், முந்நூறு பிரதி அச்சிட்டது, ஒரு வரியாக நம் பட்டியலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வரி எல்லாப் படிகளிலும் ஒரே இரவில் பிழையாவதற்கும், எல்லாப் படிகளிலும் ஒரே இரவில் சரியாவதற்கும் ஒத்திசைவு ஒன்றேதான் வழி. எது நடக்கும் என்பதை முடிவுசெய்யும் இடத்தில் அந்தத் தொகுப்பைப் படித்தவர் ஒருவராவது இருக்க வேண்டும்.